நாவலடி வயலுக்கு ஒரு சாட்சி

தம்பி, தெக்கேருந்து வர்ற பஸ் போயிடுச்சா? எனக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கீங்களே, பாத்திருப்பீங்கன்னு கேட்டேன். வரலையா? அப்ப சரி. அதுல எனக்கு ரெண்டு சாட்சி வரணும். அதுக்குள்ள இந்தத் தாலுக்கா ஆபீஸ் டவாலி பேரைக் கூப்பிட்டுட்டான்னா நான் ஒத்தையாளாப் போய் தாசில்தார் மேசைக்கு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். என் வயசுக்கு அது நல்லாவா இருக்கும்?

நீங்க எதுக்கு வந்தீங்க? பட்டா மாத்தவா? அப்பா பேர்லேருந்து உங்க பேருக்கா? அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க. நாலு தடவை நடக்க வுடுவாங்க, ஆனா ஆயிடும். என் சமாசாரம் அப்படி இல்ல. இன்னிக்குத் தீர்ந்தா தீர்ந்துது, இல்லைன்னா நானும் வீட்டுல இருக்கறவளும் தெருவுல நிக்கணும். கொஞ்சம் நகர்ந்துக்குங்க, வாசல் தெரியற மாதிரி உட்கார்ந்துக்கறேன்.

என் பேரு ஆபத்சகாயம். ஊர்ல வந்து அந்தப் பேரைக் கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. காரியக்காரர்னு கேக்கணும். பெரிய பண்ணைக்கு நான்தான் காரியக்காரர். ஆள் விடறது, விதை நெல்லு எடுத்துக் குடுக்கறது, குத்தகை நெல்லு அளக்கறது, அத்தனையும் என் கை. ஐயா, அதாவது பண்ணையார், அவரு வயலுக்கு வந்து யாரும் பாத்ததில்ல. எந்த வயல் எங்க இருக்குன்னு அவருக்கே என்னைக் கேட்டாத்தான் தெரியும். அவ்வளவு நம்பிக்கை.

அப்பதான் அந்தச் சட்டம் வந்துது. உழுது பயிர் பண்றவனை நிலத்தை விட்டு எழுப்பக் கூடாதுன்னு. நீங்க அப்ப பொறந்திருக்க மாட்டீங்க. ஐயாவுக்குச் சோறு இறங்கல. 'ஆபத்சகாயம், நம்ம நிலத்துல நாம அன்னியமாயிட்டோமே'ன்னு கண்ணுல தண்ணி வுட்டாரு. வக்கீலுங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அடிச்சு வெரட்டுங்கன்னு ஒருத்தன். கோயில் பேர்ல எழுதி வையுங்கன்னு ஒருத்தன். நான் ஒரு ஓரமா நின்னுக்கிட்டு இருந்தேன். 'எழுப்பத்தானே கூடாதுங்கறான், மாத்தக் கூடாதுன்னு சொல்லலியே'ன்னேன்.

எப்படி! வக்கீலுங்களே வாயைப் பொளந்துட்டாங்க.

விளங்கலையா? சொல்றேன். ஆனி பொறந்து ஆத்துல தண்ணி வர்றதுக்கு முன்னாடி, அத்தனை குத்தகைக்காரனையும் களத்துல நிக்க வைப்பேன். போன வருஷம் தலைமடை உழுதவனுக்கு இந்த வருஷம் தண்ணி ஏறாத கோரைமடை. கோரைமடையில இருந்தவனுக்கு மேட்டுப் பாத்தி. அவனுக்கு இவன் வயல், இவனுக்கு அவன் வயல். ஒருத்தனையும் நிலத்தை விட்டு எழுப்பல பாருங்க. எல்லாருக்கும் நிலம் உண்டு. ஆனா எவனும் ஒரே வயல்ல ரெண்டு ஆனி பாக்கக் கூடாது. அப்புறம் எவன் போய், இது என் வயல், நான் தொடர்ச்சியா உழுதேன்னு மனு குடுக்கறது? சுத்துவட்டாரத்துப் பண்ணையெல்லாம் நம்மகிட்ட வந்து கேட்டுட்டுப் போய் அதே மாதிரி பண்ணினாங்க.

அது பஸ்ஸா? இல்ல, லாரி.

அதுல சில சங்கடம் வரத்தான் வந்துது. எருவடிக்கறதை நிறுத்திட்டானுங்க. அடுத்த வருஷம் வேற ஒருத்தன் உழப்போற வயலுக்கு நான் ஏன் எரு சுமக்கணும்னு. வரப்பு உடைஞ்சா உடைஞ்சபடி கிடக்கும். விளைச்சல் இறங்கிப் போச்சு. இந்த ஜனங்களுக்கு மண்ணு மேல பாசமே கிடையாது தம்பி, நான் கண்ணாரப் பாத்தவன். ஒருத்தன் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, வேம்புன்னு. அவனும் அவன் பொண்டாட்டி அமிர்தமும். அவங்களுக்கு ஒரு வருஷம் நாவலடி வயல் வந்துது. வாய்க்காலை ஒட்டின வயல், ஆனா உப்புப் பூத்துக் கிடக்கும், புல்லு கூட முளைக்காது. ரெண்டும் சேர்ந்து கோடை முழுக்கக் குளத்து வண்டலைக் கூடை கூடையா சுமந்து கொட்டிச்சுங்க. வேண்டாம்டா, முதுகு போயிடும்னு நானே சொன்னேன். கேக்கல. அந்த வருஷம் நாவலடியில கதிர் சாய்ஞ்சு கிடந்துது. ஐயாவே வண்டி கட்டிக்கிட்டு வந்து பாத்தாரு.

அப்புறம் ஆனி வந்துது. ஒழுங்குன்னு ஒண்ணு வச்சுட்டா எல்லாருக்கும் ஒண்ணுதானே? வேம்புக்கு மட்டும் விலக்கு குடுத்தா மத்தவன் சும்மா இருப்பானா? கோரைமடைக்குப் போடான்னேன். களத்துலயே துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான். அந்த வருஷமே காமாலை வந்து போய்ட்டான், பாவம்.

நாவலடியை யாருக்குக் குடுக்கறதுன்னு வந்துது. ஐயா, 'நீயே வச்சுக்கடா, குத்தகையை அளந்துட்டு மிச்சத்தைச் சாப்பிடு'ன்னு வாயாரச் சொன்னாரு. உப்பு வயல்தானே, யாரும் கேக்க மாட்டாங்கன்னு நானும் எடுத்துக்கிட்டேன். அன்னிலேருந்து நாவலடி எனக்கு. எனக்கு மாத்தறது கிடையாது. நான்தானே மாத்தறவன்!

அமிர்தத்தை நான் விட்டுடல, அதைச் சொல்லணும். ஆம்பளை இல்லாத வீட்டுக்குக் குத்தகை வேண்டாம்னு ஐயா சொல்லிட்டாரு. நான்தான் கூப்பிட்டு, நாவலடியில வேலை பாருன்னேன். ஏர் ஓட்ட அவ கொழுந்தன் பக்கிரி வந்துடுவான். மத்ததெல்லாம் அவதான். நாத்துப் பறி, நடவு, களை, அறுப்பு. கூலியாக் குடுத்தா மழை அடிச்சாலும் வெள்ளம் வந்தாலும் குடுத்தாகணுமே, அதனால பங்குன்னு வச்சுக்கிட்டேன். விளைஞ்சா ஒரு பங்கு அவளுக்கு, விளையலைன்னா ரெண்டு பேருக்கும் இல்ல. களத்துல எல்லாருக்கும் முன்னாடி அளந்து போடுவேன். ஒரு மரக்கா குறைஞ்சிருக்காது. அந்த விஷயத்துல என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

டவாலி வெளியில வர்றான் பாருங்க... யாரையோ கூப்பிடறான். என்னை இல்ல. உங்களையும் இல்ல. இருங்க, ஒரு எட்டு வாசல் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.

காணோம்.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங். ஐயா காலமானாரு. கூடவே இன்னொரு சட்டம் வந்துது, குத்தகைக்காரன் பேரையெல்லாம் பதிஞ்சுக்கணும்னு. அதிகாரி ஜீப்பைப் போட்டுக்கிட்டு ஊருக்கே வந்துட்டாரு. நான் நிம்மதியா இருந்தேன். எவன் வயலைக் காட்டினாலும் போன வருஷம் உழுதவன் வேறயாச்சே. முதல்ல பக்கிரியைக் கூப்பிட்டு, உன் வயல் எதுன்னாரு. 'எல்லாமும்தாங்க'ன்னான். அதிகாரி சிரிச்சாரு. அவன் சிரிக்கல. 'இந்தப் பண்ணையில நான் ஏர் போடாத வயல் இல்லைங்க. இதோ நிக்கிறவன் எனக்கு முன்னாடி உழுதான், அதோ நிக்கிறவன் எனக்குப் பின்னாடி உழுதான். கேளுங்க'ன்னான். கேட்டாரு. ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு வயலோட சரித்திரமே சொல்றான் தம்பி! எந்த மூலையில தண்ணி நிக்கும், எந்த வருஷம் யாரு என்ன விதைச்சான், அத்தனையும். வருஷா வருஷம் வயலைக் கைமாத்திக் கைமாத்திக் குடுத்தவனுங்க, ஒருத்தனுக்கு ஒருத்தன் சாட்சியா நின்னுட்டானுங்க. அண்ணன் தம்பி கூட அப்படி நிக்க மாட்டான். அதிகாரி, இந்த வருஷம் யார் எதுல இருக்கானோ அதுலயே அவன் பேரை எழுதிட்டாரு. அமிர்தம் பேர்ல மட்டும் ஒண்ணும் இல்ல. அவதான் குத்தகைக்காரி இல்லையே. நாவலடிக்கு என் பேரை நானும் பதியல, பண்ணை என்னை எங்க எழுப்பப் போகுதுன்னு.

இன்னொண்ணு கேளுங்க, வேடிக்கை. பதிஞ்சு வாங்கினானுங்கள்ல, இப்பவும் மாத்திக்கறானுங்க! ஆனியில சீட்டுக் குலுக்கிப் போட்டு, எவனுக்கு எது விழுதோ அது. கோரைமடைக்குத் தண்ணி ஏறாது, அந்தக் கஷ்டத்தை ஒருத்தனே சுமக்க வேண்டாமாம், முறை வச்சுச் சுமக்கறானுங்களாம். இப்ப எருவும் அடிக்கிறானுங்க, வரப்பும் வெட்டறானுங்க. அது நான் போட்ட வழிதானேடான்னு பக்கிரிகிட்ட கேட்டேன். 'நீங்க மாத்துனது வேற, நாங்க மாத்திக்கறது வேறங்க காரியக்காரரே'ன்னான். என்ன வேற? ஒரு நன்றி கிடையாது. முன்னெல்லாம் ஆண்டேன்னு கூப்பிட்ட வாய் அது.

சரி, அது போகட்டும். என் வயித்துல அடிச்சது அவனுங்க இல்ல. ஐயாவோட மகன், சின்ன ஐயா, பட்டணத்துல இருக்காரு. மிச்சம் இருக்கற நிலத்தைப் பாத்துக்க ஒரு மேனேஜரை வச்சாரு. இந்த ஆனியில அந்தப் பையன் வந்து, மோட்டார் சைக்கிள்லேருந்து இறங்கக் கூட இல்ல. 'நாவலடியை விட்டுடுங்க. உங்களுக்குக் கோரைமடைப் பக்கம் ஒரு துண்டு குடுக்கச் சொல்லியிருக்காரு. வருஷா வருஷம் மாத்தறதுதானே உங்க பண்ணை வழக்கம்'ங்கறான்.

என்கிட்ட, தம்பி! என்கிட்ட வந்து சொல்றான்! எத்தனை வருஷம் உழைச்ச வயலு, அதை விட்டு ஒரு மனுஷனை ஒரு வார்த்தையில எழுப்பிடறதா? மனசுன்னு ஒண்ணு கிடையாதா? நான் அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. எனக்கு வேற சொத்து இல்ல. குடியிருக்கற வீடே பண்ணை மனையில இருக்கு. அதான் உடனே மனு போட்டேன். நான் குத்தகைக்காரன், தொடர்ச்சியா பயிர் பண்றவன், என்னை எழுப்பக் கூடாதுன்னு. சட்டம்னா எல்லாருக்கும்தானே?

சாட்சி வேணும்னாங்க. பக்கத்து வயல்காரன், கூட வேலை செய்யறவ, ரெண்டு பேர். பக்கிரிகிட்டயும் அமிர்தத்துக்கிட்டயும் நானே போனேன். அவங்க தெருவுக்குள்ள நான் காலை வச்சதே இல்ல, அன்னிக்குப் போனேன். அமிர்தம் ஒரு சொம்புல மோர் கொண்டாந்து நீட்டினா. இப்பதான் குடிச்சேன்னு சொல்லிட்டேன். பக்கிரி வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. அவதான், 'அங்க வந்து என்னங்க சொல்லணும்?'னா. நான் பொறுமையாச் சொல்லிக் குடுத்தேன். 'உழவு முதல் அறுப்பு வரைக்கும், ஒரு போகம் விடாம, ஒரே ஆள்தான்னு சொல்லு. பயப்படாத. நடந்ததை நடந்தபடி சொல்லு, மாத்திச் சொன்னாப் பாவம்'னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னா. கொஞ்சம் மந்த புத்தி, மனசுல ஏறாது. மறுபடியும் சொன்னேன். 'ஒரே ஆள். சரிங்க, வர்றேன்'னா.

அதோ! அதோ வந்துடுச்சு பஸ். பச்சைப் புடவை, அவதான். பின்னாடி பக்கிரி. அப்பாடா. டவாலியும் என் பேரைத்தான் கூப்பிடறான் பாருங்க, நல்ல நேரம். பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க தம்பி, வந்துடறேன்.

*

இன்னும் இருக்கீங்களா? உங்களைக் கூப்பிடலையா? நல்லதாப் போச்சு. கொஞ்சம் தண்ணி இருக்கா? குடுங்க.

கேக்காதீங்க. இல்ல, கேளுங்க. யார்கிட்டயாவது சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சிடும்.

தாசில்தார் சின்ன வயசுக்காரர். மரியாதையாத்தான் பேசினாரு. சின்ன ஐயாவோட வக்கீல் எழுந்து, இவர் எங்க சம்பளக்காரர், குத்தகைக்காரரே இல்லைன்னான். குத்தகை அளந்திருக்கேங்கன்னு நான் சொன்னேன். 'அளந்தீங்க சரி, அந்த வயல்ல உழைச்சது யாரு? சாட்சி சொல்லட்டும்'னாரு.

அமிர்தம் முன்னாடி வந்தா. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு நல்லா நிமிர்ந்து நின்னா. 'உழவு முதல் அறுப்பு வரைக்கும், ஒரு போகம் விடாம, ஒரே ஆள்தாங்க'ன்னா. ஒரு எழுத்து பிசகல. எனக்கு உசுரு வந்துது. பரவாயில்லை, நல்லாத்தான் மனசுல வாங்கியிருக்கான்னு நெனச்சேன்.

'யாரும்மா அந்த ஆள்?'னு தாசில்தார் கேட்டாரு.

'நான்தாங்க'ன்னா.

நீங்க சிரிக்கறீங்களா? இல்லையே? சரி.

ஏர் மட்டும் கொழுந்தன் ஓட்டினாரு, அதுவும் என் வீட்டு ஆள்தானேங்கறா. கூலிக்கா செஞ்சீங்கன்னு தாசில்தார் கேட்டாரு. 'கூலி இல்லைங்க, பங்கு. களத்துல ஊரே பாக்க அளப்பாரு. அவரையே கேளுங்க'ன்னா. அவரு என் பக்கம் திரும்பினாரு. நான் என்ன சொல்றது? கூலின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. பக்கிரி என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறான். பங்குதாங்கன்னேன். தர்மத்துக்குக் குடுத்ததுன்னும் சொன்னேன். அது அவரு காதுல விழுந்த மாதிரி தெரியல, எழுதிக்கிட்டே இருந்தாரு.

அப்புறம் பக்கிரிகிட்ட, 'இவர் வயல்ல இறங்கி வேலை செஞ்சதுண்டா?'ன்னாரு.

'வரப்பு வரைக்கும் வருவாருங்க. ஒரு நாள் தவற மாட்டாரு'ன்னான்.

அது எனக்கு ஆதரவாச் சொன்னானா, எதிராச் சொன்னானா? நீங்களே சொல்லுங்க. எனக்கு இன்னும் விளங்கல. சின்ன ஐயாவோட வக்கீல் முதல்ல சிரிச்சான், அப்புறம் அவனுக்கும் சிரிப்பு நின்னுடுச்சு. ஏன்னா தாசில்தார், 'அந்த அம்மா தனியா ஒரு மனு குடுக்கட்டும். திங்கக்கிழமை நானே வயலுக்கு வர்றேன். அதுவரைக்கும் யாரும் யாரையும் எழுப்பக் கூடாது'ன்னுட்டாரு.

வெளியில வந்ததும் பிடிச்சுக்கிட்டேன். 'ஏண்டி, நான் சொல்லிக் குடுத்தது என்ன, நீ சொன்னது என்ன? ஆளை மாத்திட்டியே!'ன்னேன். அவ சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தாக் கூட எனக்குப் பதில் சொல்லத் தெரியும். 'நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீங்க. அந்த வண்டலை என் வீட்டுக்காரரும் நானும் சுமந்தோம். நீங்க குடையை விரிச்சுக்கிட்டு வரப்புல நின்னு வேண்டாம்னு சொன்னீங்க. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குங்க'ன்னா. சொல்லிட்டு, பஸ் ஏறப் போறேன்னு வாசலுக்குப் போய்ட்டா. என்னையும் வாங்கன்னு கூப்பிட்டா. கூப்பிட்டுட்டுப் போறா தம்பி!

நானே அவளை அழைச்சுக்கிட்டு வந்தேன். நானே வார்த்தையை எடுத்துக் குடுத்தேன். அந்தக் கோபத்துல உடம்பெல்லாம் எரியுது. ஆனா உள்ளுக்குள்ள கோபம் இல்ல, பயம்தான். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. திங்கக்கிழமை தாசில்தார் வந்து நின்னா, அவ நேரா வயல்ல இறங்கி நிப்பா. நான் எங்க நிக்கறது?

அதனால ஒரு யோசனை பண்ணியிருக்கேன். நாத்து பறிக்கற பக்குவத்துல நிக்குது. நடவு பொம்பளைங்க வேலை, அதை நான் செஞ்சா ஊர் சிரிக்கும். பறிதான் சரி. நாளைக்கே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நாத்தங்கால்ல இறங்கிடப் போறேன். திங்கக்கிழமைக்குள்ள நாலு பேர் பாக்கணும், தாசில்தாரும் பாக்கணும், காரியக்காரர் சேத்துல நிக்கறாரேன்னு. அதுவும் உழைப்புதானே? எழுதிக்க மாட்டாரா?

ஒரே ஒரு சிக்கல். நாத்தை எங்க பிடிச்சு இழுத்தா வேர் அறாம வரும்? பறிச்ச நாத்தை முடி முடியாக் கட்டறது எப்படி? தெரியாதான்னு கேக்காதீங்க. அத்தனை வருஷமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா வரப்பு மேல நின்னு பாக்கறவனுக்குக் குனிஞ்ச முதுகுதான் தெரியும். கை தண்ணிக்குள்ள இருக்கு.

பக்கிரியைக் கேட்டா ஊரைக் கூட்டிடுவான். அவதான் இருக்கா. அந்த நாத்தங்கால்ல பறிக்கறவ அவதானே. அதோ, பஸ்ஸுல ஏறிட்டா பாருங்க, சன்னலோரமா உட்கார்ந்திருக்கா. பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு. பையைக் குடுங்க, நான் வர்றேன்.

தம்பி, கேட்டா சொல்லித் தருவாளா?